அமெரிக்க வேளாண் பொருளியலில் கறுப்பினத்தவர் ஏன் இவ்வளவு குறைவு? அவர்களுக்கு இங்கே எதிர்காலம் உண்டா?

நீங்கள் கேட்டது இது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேளாண் பொருளியல் முதுகலை படிக்கிறீர்கள். வகுப்பில் நம்மூர்ப் பிள்ளைகள் உண்டு, சீனர்கள் உண்டு, கானாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பின மாணவர் ஒரே ஒருவர்தான், அவர் உங்கள் நண்பர். முனைவர் பட்டம் வரை போவதா, இதோடு நிறுத்திவிட்டு வேறு வேலை தேடுவதா என்று குழம்பிக்கொண்டிருக்கிறார். இந்தத் துறையில் அவருடைய மக்கள் ஏன் இவ்வளவு குறைவு, அவருக்கு இங்கே வழி உண்டா என்கிறீர்கள்.

வழி உண்டு. எந்தெந்த வழி என்று பின்னால் விவரமாகச் சொல்கிறேன். ஆனால் முதல் கேள்விக்குப் பலரும் சட்டென்று சொல்லும் பதில் ஒன்று இருக்கிறது: 'அவர்களுக்கு விவசாயத்தில் ஆர்வமில்லை, பருத்திக்காட்டு நினைப்பே வேண்டாம் என்று நகரத்துக்குப் போய்விட்டார்கள்.' தெற்கு மாநிலம் ஒன்றில், கறுப்பின மாணவர்களுக்காகவே தொடங்கப்பட்ட வேளாண் பல்கலைக்கழகத்தில் பல வருடம் பாடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பதில் பாதிகூட உண்மையில்லை. ஆர்வம் இருந்தது, திறமையும் இருந்தது. கிடைக்காமல் போனது பணம்.

அமெரிக்காவில் வேளாண் பொருளியல் வளர்ந்த இடம் பெரும்பாலும் நிலமானியப் பல்கலைக்கழகங்கள்தான். 1862-ல் வந்த மாரில் சட்டம், காங்கிரஸில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை உறுப்பினர்கள் உண்டோ அத்தனை 30,000 ஏக்கர் என்று கணக்குப்போட்டு அரசு நிலத்தைக் கொடுத்தது. பழங்குடிகளிடமிருந்து எடுத்த நிலம் அது. அந்த நிலத்தை விற்ற பணத்தில் வேளாண் கல்லூரிகள் எழுந்தன. உள்நாட்டுப் போர் முடிந்தபின் தெற்கு மாநிலங்கள் அமைத்த கல்லூரிகளில், சில விதிவிலக்குகள் தவிர, கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. 1890-ல் இரண்டாவது மாரில் சட்டம் வந்தது. இனம் பார்த்து மாணவர்களை ஒதுக்கக் கூடாது, இல்லையென்றால் கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி நடத்த வேண்டும் என்றது. தெற்கு மாநிலங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தன. இன்று '1890 பல்கலைக்கழகங்கள்' என்று சொல்லப்படும் 19 நிறுவனங்களும் இந்த வரிசையில் வந்தவை: அலபாமா ஏ அண்ட் எம், நார்த் கரோலினா ஏ அண்ட் டி, டென்னசி ஸ்டேட், ஃப்ளோரிடா ஏ அண்ட் எம், சதர்ன், டஸ்கீகி, 2014-ல் சேர்க்கப்பட்ட ஒஹாயோவின் சென்ட்ரல் ஸ்டேட் என்று.

கல்லூரி வந்துவிட்டது, ஆராய்ச்சிப் பணம் வரவில்லை. 1887-ல் ஹாட்ச் சட்டம் வேளாண் ஆராய்ச்சி நிலையங்களுக்கு ஆண்டுதோறும் மத்திய அரசுப் பணம் கொடுக்கத் தொடங்கியது. தெற்கில் அது வெள்ளையர் கல்லூரிகளுக்கே போனது. 1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம் விரிவாக்கப் பணிக்கு, அதாவது கல்லூரியில் கண்டதைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் வேலைக்கு, நிதி கொடுத்தது. எந்தக் கல்லூரி வழியாகச் செலவிடுவது என்பதை மாநிலச் சட்டமன்றமே தீர்மானிக்கலாம் என்று விட்டதால் அதுவும் அங்கேயே போனது. இதில் மனசு பொறுக்காத விஷயம் என்னவென்றால், அந்த வேலையை டஸ்கீகி அதற்கு 8 வருடம் முன்பே செய்துகொண்டிருந்தது. டஸ்கீகியின் கறுப்பின வேளாண் விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வடிவமைத்த ஜெசப் வண்டி 1906-ல் கிளம்பியது. கலப்பை, விதை, பால் கடையும் கருவி எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விவசாயிகளின் நிலத்திலேயே செய்து காட்டிய வண்டி அது. அதே ஆண்டு தாமஸ் மன்ரோ கேம்ப்பெல் அமெரிக்காவின் முதல் கறுப்பின விரிவாக்க அலுவலராக நியமிக்கப்பட்டார். வழி காட்டியவர்கள் இவர்கள், ஆனால் நிதி மட்டும் வேறு வாசலுக்குப் போனது.

1890 பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிக்கென்று ஆண்டுதோறும் நிலையான மத்திய நிதி, எவன்ஸ்-ஆலன் திட்டம் என்ற பெயரில், 1977-ல்தான் வந்தது. ஹாட்ச் சட்டத்திலிருந்து கணக்கிட்டால் 90 வருடத் தாமதம். அந்த 90 வருடத்தில்தான் வேளாண் பொருளியல் ஒரு தொழிலாகவே உருவானது. 1919-ல் இத்துறையினரின் சங்கம் தொடங்கியது, 1922-ல் மத்திய அரசின் வேளாண் துறைக்குள் வேளாண் பொருளியல் பிரிவு அமைந்தது, முனைவர் படிப்புகள் வேர்விட்டன, புள்ளிவிவரப் பொருளியல் வந்தது, கணினி வந்தது. இத்தனையும் 1862 வரிசைப் பல்கலைக்கழகங்களில் நடந்துகொண்டிருக்க, 1890 கல்லூரிகளின் ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தவே நேரம் சரியாக இருந்தது. ஆராய்ச்சி உதவியாளருக்குக் கொடுக்கப் பணமில்லாத துறை முனைவர் படிப்பு நடத்த முடியாது. முனைவர் படிப்பு இல்லாத இடத்தில் அடுத்த தலைமுறைப் பேராசிரியர் உருவாக மாட்டார்.

'அதெல்லாம் பழைய கதை' என்று யாராவது சொன்னால் 2023 செப்டம்பரில் நடந்ததைச் சொல்லுங்கள். கல்விச் செயலர் மிகேல் கார்டோனாவும் வேளாண் செயலர் டாம் வில்சாக்கும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். ஒரே மாநிலத்தின் இரண்டு நிலமானியப் பல்கலைக்கழகங்களுக்கும் மாணவர் ஒருவருக்கு மாநிலம் எவ்வளவு செலவிட்டது என்று 1987 முதல் 2020 வரை ஒப்பிட்டுப் பார்த்ததில், 1890 பல்கலைக்கழகங்களுக்கு வந்திருக்க வேண்டிய 1,200 கோடி டாலருக்கு மேல் வரவில்லை என்றது கணக்கு. டென்னசி ஸ்டேட்டுக்கு மட்டும் சுமார் 210 கோடி டாலர். 1890 பல்கலைக்கழகங்கள் உள்ள 18 மாநிலங்களில் டெலவரும் ஒஹாயோவும் மட்டுமே இந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றன. மத்திய நிதிக்கு ஈடாக மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும் என்பது விதி. 1862 பல்கலைக்கழகங்களுக்கு மாநிலங்கள் முழுப் பங்கையும், சில சமயம் அதற்கு மேலும் போடுகின்றன. 1890 பல்கலைக்கழகங்கள் என்று வரும்போது பல மாநிலங்கள் முழுப் பங்கைப் போடுவதில்லை, அந்தப் பல்கலைக்கழகங்கள் விதியிலிருந்து விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. இதன் விளைவைத் துறைக்குள் இருந்தால் தினமும் பார்க்கலாம். தரவுத்தளத்துக்குச் சந்தா கட்ட முடியாது, மாணவரை மாநாட்டுக்கு அனுப்பப் பயணச் செலவு இருக்காது, ஒரே ஆசிரியர் பருவத்துக்கு நாலு பாடம் நடத்துவார்.

இது கல்லூரிப் பக்கத்துக் கதை. இன்னொரு பக்கம் நிலம். 1920 கணக்கெடுப்பில் கறுப்பின விவசாயிகள் 9,25,000-க்கும் மேல். அவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் சொந்த நிலம், மற்றவர்கள் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுதவர்கள். 2017-ல் எண்ணிக்கை 50,000-க்கும் கீழே. வெள்ளை விவசாயிகளும் குறைந்திருக்கிறார்கள்தான், இயந்திரம் வந்து எல்லாரையும் குறைத்தது. ஆனால் இந்த அளவுக்கு யாரும் குறையவில்லை. காரணங்களில் ஒன்று வேளாண் துறையின் கடன் அலுவலகமே. உள்ளூர் விவசாயிகள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மாவட்டக் குழுக்கள் தெற்கில் முழுக்க வெள்ளையர் கையில் இருந்தன. விதைப்புக்குக் கேட்ட கடன் அறுவடை நேரத்தில் வந்தால் அது கடனே இல்லை. இதை எதிர்த்து வட கரோலினா விவசாயி டிமதி பிக்ஃபோர்டும் மற்றவர்களும் 1997-ல் தொடுத்த வழக்கு 1999-ல் சமரசத்தில் முடிந்தது. 15,000-க்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் தலா 50,000 டாலர் என்று, மொத்தம் 100 கோடி டாலருக்கு மேல் கொடுக்கப்பட்டது. கெடு தவறியவர்களுக்காக 2010-ல் மேலும் 125 கோடி டாலருக்கு இரண்டாவது சமரசம் வந்தது.

இப்போது ஒரு மாணவியின் இடத்திலிருந்து யோசியுங்கள். தாத்தா வேளாண் துறை அலுவலகத்துக்கு அலைந்து அலைந்து நிலத்தை இழந்தார் என்பதைக் கேட்டே வளர்ந்தவள். கணக்கில் கெட்டிக்காரி. அவளிடம் போய் 'வேளாண் பொருளியல் எடு, வேளாண் துறையில் வேலை கிடைக்கும்' என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? என்னிடம் சேர்க்கைக்கு வந்த பெற்றோர் பலர் இதை நேராகவே கேட்டிருக்கிறார்கள். 'என் மகளை அந்த ஆபீசுக்கு அனுப்பவா படிக்க வைக்கிறேன்?' அவர்கள் கேட்டதில் தவறே கிடையாது. அவளைப் போன்றவர்கள் அந்த அலுவலகத்தின் உள்ளே இருந்தால்தான் அடுத்தவர் மனு மேசையில் கிடந்து தூங்காது என்று நான் பதில் சொல்வேன். சிலர் ஒத்துக்கொண்டார்கள், பலர் பிள்ளையைக் கணக்கியலில் சேர்த்தார்கள்.

ஆட்கள் குறைந்தால் வேலைவாய்ப்புக் கணக்கு மட்டும் கெடுவதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்பது, எதை அளப்பது என்பதும் மாறிவிடுகிறது. இந்தத் துறையின் வரலாற்றில் நான் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லும் இரண்டு சம்பவங்கள் உண்டு.

முதலாவது டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் செய்த ஆய்வு. பெர்லினில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்த கறுப்பின அறிஞர் அவர். 1901-ல் ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பின நில உடைமையாளர்களைப் பற்றி வரிப் பதிவேடுகளை வைத்து அவர் எழுதிய அறிக்கையை அரசே வெளியிட்டது. 1906-ல் அலபாமாவின் லௌண்டெஸ் மாவட்டத்தில் பெரிய வேலை ஒன்றை எடுத்தார். உதவியாளர்களோடு வீடு வீடாகப் போய், யாரிடம் எவ்வளவு நிலம், வாரம் எவ்வளவு, கடன் யாருக்கு, அடமானம் எதன் மேல், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டு எழுதினார்கள். மாவட்ட நீதிமன்றப் பதிவேடுகளையும் பார்த்தார்கள். வாரச் சாகுபடியில் கணக்கு எப்படிப் புரட்டப்படுகிறது என்பதை எண்களாலேயே காட்டக்கூடிய ஆய்வு. கையால் எழுதி, வரைபடங்களோடு அரசிடம் கொடுத்தார். அரசு வெளியிடவில்லை, அரசியல் விவகாரங்களைத் தொடுகிறது என்றது. பிற்பாடு டு பாய்ஸ் திரும்பக் கேட்டபோது, கையெழுத்துப் பிரதி அழிக்கப்பட்டுவிட்டது என்று தெரியவந்தது. அமெரிக்காவின் முதல் பெரிய பண்ணைப் பொருளாதாரக் களஆய்வுகளில் ஒன்றாக இருந்திருக்க வேண்டியது இப்படிப் போயிற்று.

இரண்டாவது, கிட்டத்தட்ட 40 வருடம் கழித்து, வேளாண் துறைக்குள்ளேயே நடந்தது. வேளாண் பொருளியல் பிரிவு தெற்கு மாவட்டங்கள் சிலவற்றில் சமூக ஆய்வு நடத்தியது. மிசிசிப்பியின் கோஹோமா மாவட்டத்தைப் பற்றி 1944-ல் எழுதப்பட்ட அறிக்கை அங்கே இனங்களுக்கு இடையே உறவு எப்படி இருக்கிறது என்பதை உள்ளபடி சொன்னது. அது தெற்கத்திக் காங்கிரஸ் உறுப்பினர்கள் கையில் கிடைத்ததும் கொதித்துவிட்டார்கள். முன்னின்று சாடியவர்களில் ஒருவர் மிசிசிப்பியின் ஜேமி விட்டன். பிற்பாடு வேளாண் துறைக்கு நிதி ஒதுக்கும் துணைக்குழுவின் தலைமையில் பல பத்தாண்டுகள் இருந்தவர் அவர். பிரிவின் பணத்தை வெட்டினார்கள், இனி இப்படிப்பட்ட ஆய்வுகள் கூடாது என்று நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே எழுதினார்கள். 1953-ல் அந்தப் பிரிவே கலைக்கப்பட்டது. சந்தை விலை, விளைச்சல், உற்பத்திச் செலவு பற்றி எழுதினால் பிழைப்பு ஓடும், இனத்தைத் தொட்டால் பிழைப்பில் மண் விழும் என்ற பாடத்தை இத்துறை அன்றே நன்றாகக் கற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன்.

கேட்கப்படாமல் கிடந்த கேள்விக்கு ஓர் உதாரணம் வாரிசுச் சொத்து. நம்மூரில் பாகப்பிரிவினை வழக்கு பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். ஒருவர் 1930-களில் 40 ஏக்கர் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். உயில் எழுதவில்லை. பக்கத்தில் நம்பிக்கையான வக்கீல் இல்லை, நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கையும் இல்லை. அவர் காலமானதும் ஐந்து பிள்ளைகளுக்கும் பிரிக்காத பங்கு. அடுத்த தலைமுறையில் 20 பேர், அதற்கடுத்து 60 பேர். பாதிப் பேர் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும். ஊரில் இருக்கும் பேரன் ஒருவர்தான் உழுகிறார், வரி கட்டுகிறார். ரியல் எஸ்டேட் ஆள் டெட்ராய்ட்டில் இருக்கும் தூரத்து உறவினரைப் பிடித்து அறுபதில் ஒரு பங்கைச் சில நூறு டாலருக்கு வாங்கிவிட்டு, 'பங்கு பிரிக்க வழியில்லை, மொத்தமாக விற்றுப் பணமாகப் பிரித்துக் கொடுங்கள்' என்று நீதிமன்றம் போவார். ஏலத்தில் கையில் ரொக்கம் இருப்பவர் அவர் ஒருவரே. நிலம் அடிமாட்டு விலைக்குப் போகும். ஏலம் வரை போகாவிட்டாலும், தெளிவான பட்டா இல்லாத நிலத்தின் மேல் கடன் கிடைக்காது, வெள்ளம் வந்தால் நிவாரணம் கிடைக்காது.

இதை மாற்றப் பாடுபட்டவர் தாமஸ் மிட்செல் என்ற சட்டப் பேராசிரியர். அவர் வரைந்த மாதிரிச் சட்டம் 2010-ல் வந்தது, 20-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன. இப்போது அந்த மாநிலங்களில் சக பங்காளிகளுக்கு அந்தப் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ள முதல் உரிமை உண்டு, விற்பதானாலும் சந்தை மதிப்புப் பார்த்துத்தான் விற்க வேண்டும். 1920-க்கும் 1997-க்கும் இடையே கறுப்பின விவசாயிகள் இழந்த நிலத்தின் மதிப்பு இன்றைய கணக்கில் சுமார் 32,600 கோடி டாலர் என்று 2022-ல் மதிப்பிட்ட குழுவிலும் அவர் இருந்தார். உடன் டேனியா ஃபிரான்சிஸ், டாரிக் ஹாமில்டன் என்ற பொருளாதார அறிஞர்கள். கவனியுங்கள், இந்த மூவரும் வேளாண் பொருளியல் துறைப் பேராசிரியர்கள் அல்ல. பண்ணை நிலத்தின் மதிப்பைக் கணக்கிடுவதுதான் எங்கள் துறையின் அன்றாட வேலை. இந்தக் கணக்கை வெளியிலிருந்து வந்து போட வேண்டியிருந்தது என்பது எங்களுக்கு வெட்கம். 1890 கல்லூரி ஆசிரியர்கள் இதை எழுதாமலும் இல்லை. 1942 முதல் டஸ்கீகி நடத்திவரும் வேளாண் வல்லுநர் மாநாட்டில் நிலமிழப்பும் கடனும் பலமுறை பேசப்பட்டிருக்கின்றன. பெரிய இதழ்களின் கண்ணில் அது படவில்லை.

உங்கள் நண்பர் முன்னுதாரணம் கேட்டால் கிளிஃப்டன் வார்ட்டனின் கதையைச் சொல்லுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளாதார முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். அங்கே பொருளாதார அறிஞர் தியடோர் ஷுல்ட்ஸோடு வேலை செய்து வேளாண் வளர்ச்சிப் பக்கம் வந்தவர். 1958-லிருந்து ஆறு வருடம் மலேயாவையும் அக்கம்பக்கத்து நாடுகளையும் களமாகக் கொண்டார். நம் மக்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய அதே மலேயாவில், சிறு ரப்பர்த் தோட்டக்காரர்களை அவர் ஆராய்ந்தார். ரப்பரை வாங்குபவரே மளிகை விற்பவர், அவரே கடன் கொடுப்பவர் என்றால் விலை யார் கையில் இருக்கும் என்று 1962-ல் கட்டுரை எழுதினார். நம் கிராமத்துக் கமிஷன் மண்டியைப் பார்த்தவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்தால் அசந்துபோவார்கள். 1970-ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள பெரிய பல்கலைக்கழகம் ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் தலைவரானது நவீன காலத்தில் அதுவே முதல் முறை. பிறகு டியா-கிரெஃப் ஓய்வூதிய நிறுவனத்தின் தலைமை, 1993-ல் வெளியுறவுத் துணைச் செயலர் பதவி. 2024-ல் 98 வயதில் மறைந்தார்.

1979 பொருளாதார நோபலையும் சொல்ல வேண்டும். அந்தப் பரிசை இருவர் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் அதே ஷுல்ட்ஸ். மற்றவர் கரீபியத் தீவான செயின்ட் லூசியாவில் பிறந்த ஆர்தர் லூயிஸ், விவசாயத்தில் தேங்கிக் கிடக்கும் உழைப்பு தொழிலுக்கு நகர்வதைப் பற்றிய கோட்பாட்டைத் தந்தவர். நம்மூர்ப் பொருளாதாரப் பாடநூலில் நாம் எல்லாரும் படித்த லூயிஸ் அவர்தான், கறுப்பினத்தவர் என்பது பலருக்குத் தெரியாது. நம் காலத்தில் அகின்வுமி அடெசினா: அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வேளாண் பொருளியல் முனைவர், நைஜீரியாவின் வேளாண் அமைச்சராக இருந்து உர மானியத்தைக் கைபேசி வழியாக விவசாயிக்கே நேராகச் சேர்த்தவர், 2017-ல் உலக உணவுப் பரிசு, 2015 முதல் 2025 வரை ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் தலைவர்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும், உங்கள் கேள்வியிலேயே அது இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்தவர்களையும் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவரையும் ஒரே கட்டத்தில் போட்டு எண்ணினால் படம் ஓரளவு நன்றாகத் தெரியும், பிரித்து எண்ணினால் வெறிச்சோடிவிடும். இருவரும் வேண்டும். ஆனால் ஜார்ஜியா மாவட்டத்து நிலமிழப்பைக் குடும்பத்துக்குள்ளிருந்தே அறிந்தவருக்கு ஈடாக கானாவின் அக்ராவிலிருந்து வந்தவரைக் கணக்குக் காட்டுவது சரியில்லை. தேர்வுக் குழுக்களில் இருந்தபோது இதை ஒவ்வொரு முறையும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். முதுகலையோடு நிறுத்தினாலும் இந்தத் துறையில் சோறு கிடைக்கும். பண்ணைக் கடன் கொடுக்கும் ஃபார்ம் கிரெடிட் கூட்டுறவு அமைப்பு, பயிர்க் காப்பீட்டு நிறுவனங்கள், தானிய வணிக நிறுவனங்கள், மாநில வேளாண் துறைகள், பல்கலைக்கழக விரிவாக்க மையங்கள் எல்லாம் முதுகலைக்காரர்களை எடுக்கின்றன. இடர் கணிப்பும் தரவு ஆய்வும் தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம். முனைவர் பட்டத்தோடு போனால் பல்கலைக்கழகம், பெடரல் ரிசர்வ் வங்கிகள், உலக வங்கி, வாஷிங்டனில் உள்ள இஃப்ப்ரி என்ற உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் என்று கதவுகள் திறக்கும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2023-க்குச் சொன்ன கணக்கில் பொருளாதார வல்லுநர்களின் இடைநிலைச் (மீடியன்) சம்பளம் ஆண்டுக்கு 1,15,000 டாலரைத் தாண்டியது.

அரசு வேலையைப் பற்றி மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வேளாண் துறையின் பொருளாதார ஆய்வுச் சேவை ஒரு காலத்தில் எங்கள் மாணவர்களின் முதல் கனவு. 2019-ல் அதையும் நிஃபா என்ற ஆராய்ச்சி நிதி அமைப்பையும் வாஷிங்டனிலிருந்து கான்சஸ் சிட்டிக்கு மாற்றினார்கள். போகச் சொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் வேலையை விட்டார்கள். நிஃபாவில் கறுப்பின ஊழியர்களின் பங்கு மிகவும் சரிந்தது என்று அரசின் தணிக்கை அமைப்பே எழுதியது. 1992 முதல் நடக்கும் 1890 தேசிய மாணவர் திட்டம் கல்விக் கட்டணம், புத்தகம், தங்குமிடம் எல்லாம் கொடுத்து, படிப்பு முடிந்ததும் துறையிலேயே வேலைக்கும் எடுக்கும். எத்தனையோ குடும்பங்களின் முதல் பட்டதாரி அதில் வந்தவர். 2025 பிப்ரவரியில் அதைத் திடீரென்று நிறுத்திவைத்தார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் மறுபடி திறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில், இனம், பாலினம் பார்த்து முன்னுரிமை தரும் ஏற்பாட்டை இனித் தன் திட்டங்களில் பயன்படுத்துவதில்லை என்று வேளாண் துறை அறிவித்தது. ஆகவே மத்திய அரசு ஒன்றையே நம்பித் திட்டம் போடக் கூடாது என்று என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். விண்ணப்பிக்கட்டும், கூடவே ஃபார்ம் கிரெடிட்டுக்கும் மாநில அரசுக்கும் போடட்டும்.

முனைவர் படிப்பு என்றால் முக்கியமான தடை கணிதம். இதை யாரும் சரியான நேரத்தில் சொல்வதில்லை என்பது என் தீராத ஆதங்கம். வேளாண் வணிகம் படித்த மாணவர் இளங்கலையில் ஒரு கால்குலஸ் பாடத்தோடு நிறுத்தியிருப்பார். முனைவர் படிப்பின் முதல் வருட நுண்பொருளியல் வகுப்பில் உட்கார்ந்ததும் திணறிப்போவார். அவருடைய மூளைக்குக் குறைவில்லை, வழிகாட்ட ஆளில்லை. உங்கள் நண்பர் முதுகலையில் இருக்கிறார் என்றால் இப்போதே பலமாறிக் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, நிகழ்தகவுப் பாடங்களைக் கணிதத் துறையில் எடுக்கட்டும். முடிந்தால் ரியல் அனாலிசிஸும். ஆர் அல்லது ஸ்டாட்டா மென்பொருளில் தானே ஒரு தரவுத்தொகுப்பைச் சுத்தம் செய்து, முடிவு வரை கொண்டுபோன அனுபவம் ஒன்று வேண்டும். வேளாண் பொருளியல் முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் கைப்பணம் தேவையில்லை, ஆராய்ச்சி உதவியாளர் பதவியோடு கட்டண விலக்கும் மாதச் சம்பளமும் வரும். இதுவும் பல குடும்பங்களுக்குத் தெரியாது. இன்னும் ஐந்து வருடக் கடனா என்று பயந்தே நிறைய பேர் ஒதுங்கிப்போகிறார்கள்.

அப்புறம் ஆட்கள். எங்கள் தொழில்முறைச் சங்கமான ஏ.ஏ.இ.ஏ.-வில் காஸ்பே என்று ஒரு பிரிவு உண்டு. வேளாண் பொருளியலில் கறுப்பினத்தவரின் வாய்ப்புகளையும் நிலையையும் கவனிப்பதற்கென்றே இருப்பது. ஆண்டு மாநாட்டில் அவர்களின் அமர்வுக்குப் போனால் உங்கள் நண்பர் தன்னைப் போன்றவர்களை ஒரே அறையில் பார்ப்பார். வகுப்பில் ஒரே ஆளாக உட்கார்ந்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்பதை என் மாணவர்கள் முகத்தில் கண்டிருக்கிறேன். வேளாண் படிப்புகளில் உள்ள சிறுபான்மையினருக்கான மேன்ர்ஸ் என்ற மாணவர் அமைப்பும் இருக்கிறது, அதன் ஆண்டுக் கூட்டத்துக்கு நிறுவனங்களே ஆளெடுக்க வருகின்றன. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 1974 முதல் நடத்தும் கோடைக்காலப் பயிற்சி, முனைவர் படிப்புக்கு முன் கணிதத்தையும் பொருளியலையும் திடப்படுத்திக்கொள்ள நல்ல இடம். ஆராய்ச்சித் தலைப்புத் தேடும்போது டியூக் பல்கலைக்கழகத்தில் உள்ள நார்பர்ட் வில்சனின் கட்டுரைகளைப் படிக்கச் சொல்லுங்கள். பொட்டலத்தில் அச்சிடும் தேதியை எந்தச் சொல்லில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து மக்கள் எவ்வளவு உணவைக் குப்பையில் போடுகிறார்கள் என்று ஆராய்ந்தவர், உணவு வங்கிகளைப் பற்றியும் எழுதுகிறவர். சாதாரணமாகத் தெரியும் கேள்வியை எப்படி அளப்பது என்பதற்கு அவை நல்ல பாடம்.

கடைசியாக உங்களுக்கு. 1890 பல்கலைக்கழகங்களில் இந்தியப் பேராசிரியர்கள் கணிசமாக இருக்கிறோம், தமிழர்களும் உண்டு. பசுமை அட்டைக்கு உதவும் வேலையாக வந்து, அது கிடைத்ததும் அடுத்த இடம் தேடிப் போனவர்களும் உண்டு, 30 வருடம் இருந்து தலைமுறைகளை உருவாக்கியவர்களும் உண்டு. நீங்கள் நாளை அப்படி ஓர் இடத்தில் சேர்ந்தால் இரண்டாவது வகையாக இருங்கள். இப்போதைக்கு உங்களால் ஆவது ஒன்று. படிப்புக் குழு அமைக்கும்போது நம்மாட்கள் நம்மாட்களோடு மட்டும் சேர்கிறோம், சீனர்கள் சீனர்களோடு. பழைய வினாத்தாள், போன வருடத்து விடைக் குறிப்பு எல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது. தனியாக இருப்பவர் தனியாகவே தேர்வெழுதுகிறார். உங்கள் நண்பரை உங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர் முன்னால் தமிழிலும் இந்தியிலும் பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். முனைவர் படிப்பு விண்ணப்பங்களின் கெடு பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் வரும். பரிந்துரைக் கடிதம் கேட்க அவர் செப்டம்பரிலேயே பேராசிரியர்களைப் பார்க்கட்டும், தன் ஆய்வு யோசனையை இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும். வெறுங்கையோடு வருபவருக்கும் இரண்டு பக்கத்தோடு வருபவருக்கும் எழுதும் கடிதம் ஒரே மாதிரி இருப்பதில்லை.